துணிமணி மட்டும் வேண்டாம்

அக்கா ஃபோனில் ஒரு தடவை இல்லை, மூன்று தடவை சொன்னாள். "வெறுங்கையோட வா, போதும். கொண்டு வந்தே ஆகணும்னா என்னத்தையாவது கொண்டு வா. துணிமணி மட்டும் வேண்டாம்."

ஒரு தையல்காரியிடம் சொல்லுகிற பேச்சா இது? அதுவும் இருபத்தாறு வருஷமாக ஜாக்கெட் தைத்துக் கொடுக்கிற சொந்தத் தங்கையிடம்? தையல்காரிக்குச் சுருக்கென்றது. அக்கா கல்யாணமாகி வெளிநாடு போன பிறகும், இங்கிருந்து யார் விமானம் ஏறினாலும் அவர்கள் பெட்டியில் ஒரு பொட்டலத்தைத் திணித்து அனுப்பிக்கொண்டிருந்தவள் இவள். போன வருஷம்தான் முதல் தடவையாக அக்கா, "இருக்கிறதே போதும், தைக்க வேண்டாம்" என்றாள். அதற்கப்புறம் ஃபோனில் முகம் காட்டுவதையும் நிறுத்திவிட்டாள். கேட்டால் கேமரா ரிப்பேர் என்றாள். எட்டு மாசமாக ஒரு கேமராவைப் பழுதுபார்க்க ஆள் கிடைக்காத நாடு எந்த நாடு என்று இவள் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்.

இப்போது திடீரென்று, ஒரு மாசம் வந்து தங்கிவிட்டுப் போ என்று டிக்கெட்டை அனுப்பியிருக்கிறாள்.

"ஒரு மாசம் அவங்க வீட்டுச் சோத்தைத் தின்னப் போறோம். வெறுங்கையை வீசிட்டுப் போறதா?" என்று புருஷனிடம் கேட்டாள். அவர் தபால் ஆபீசில் பார்சல் கவுன்ட்டர்காரர். மனிதருக்கு எதைப் பற்றியும் அபிப்பிராயம் கிடையாது, பார்சலைப் பற்றித் தவிர.

"உடையக் கூடாது, ஒழுகக் கூடாது, நாறக் கூடாது. இந்த மூணுல தேறினா எதை வேணா எடுத்துட்டுப் போ" என்றார்.

யோசனை சொல்லத்தான் ஊரில் ஆளுக்குப் பஞ்சமா? சுடிதார் அளவு கொடுக்க வந்தவள் சுவர்க்கடிகாரம் என்றாள். ஃபால்ஸ் தைக்க வந்தவள், கடிகாரம் கொடுத்தால் நேரம் சரியில்லை என்று ஆகிவிடும், வெள்ளிக் கிண்ணம் கொடு என்றாள். எல்லாம் இருக்கிற வீட்டுக்கு எதைக் கொண்டுபோவது என்பது லேசான விஷயமில்லை. இல்லாத வீட்டுக்கு அரிசிப் பையைத் தூக்கிக்கொண்டு போய்விடலாம். இருக்கிற வீட்டுக்குக் கொண்டுபோகிற பொருள், அவர்களைப் பற்றி நாம் என்ன நினைத்து வைத்திருக்கிறோம் என்பதை வாய் திறக்காமல் சொல்லிவிடும். கொஞ்சம் பிசகினால் போச்சு, பரணில்தான் அதற்கு இடம்.

அத்தானுக்கு ஒரு பெரிய குடை வாங்கினாள், மரப்பிடி போட்டது. பெட்டியில் நேராக வைத்தால் நுழையவில்லை. மூலைக்கு மூலை குறுக்கே வைத்து அமுக்கியதும் போனது. "அங்க மழை பெய்யுமா?" என்று புருஷன் கேட்டார். "பெய்யாட்டி வெயிலுக்குப் பிடிச்சுக்கட்டும்" என்றாள்.

வீட்டுக்கு ஒரு மேஜை விரிப்பு. துணிமணி வேண்டாம் என்றால் மனுஷிக்குத்தானே, மேஜைக்கு இல்லையே. அக்கா வீட்டுச் சாப்பாட்டு மேஜையின் அளவு இவளுக்குத் தெரியாது. ஆனால் பழைய ஃபோட்டோ ஒன்றில் அத்தான் அதன் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். அத்தான் எவ்வளவு உயரம் என்று தெரியும். அதை வைத்துக் கண்ணாலேயே மேஜையை அளந்துவிட்டாள். கண்ணால் அளவெடுப்பதில் அவளுக்குக் கர்வம் உண்டு. தெருவில் போகிற பெண்ணைப் பார்த்தால் முகத்துக்கு முன்னால் மார்புச் சுற்றளவுதான் மனசில் ஓடும், முப்பத்தாறு, முப்பத்திரண்டு என்று. அரை இன்ச் பிசகாது.

கடைசியாக, வேண்டாம் என்று சொன்னதற்காகவே, ஆறு ஜாக்கெட் தைத்தாள். யாரைப் பார்த்து என்ன வார்த்தை சொன்னாள்? போய் இறங்கிப் பெட்டியைத் திறந்தால் தானாகவே வாயைப் பிளக்கப் போகிறாள். அளவு நோட்டின் முதல் பக்கமே அக்காவுடையதுதான். மார்பு முப்பத்தெட்டு, இடுப்பு முப்பத்துநாலு, கைக்குழி பதினாறு. இப்போது வேறு ஊரில் தங்கிப் படிக்கிற பிள்ளையைப் பெற்றபோதுகூட அரை இன்ச் கூடிவிட்டுப் பழைய இடத்துக்கே வந்துவிட்ட உடம்பு. வழக்கம்போலப் பக்கத் தையலில் இரண்டு இன்ச் துணியை உள்ளே விட்டாள். யாராக இருந்தாலும் விடுவாள். பெண்ணாய்ப் பிறந்தவள் இன்றைக்கு இருக்கிற மாதிரியே நாளைக்கும் இருப்பாளா, பிறகு பிரித்துப் பெரிதாக்கிக்கொள்ளலாம் என்பது அவள் தொழில் தர்மம்.

நோட்டையும் கைப்பையில் வைத்துக்கொண்டாள். அளவு நாடா கழுத்தில் தொங்குவதை விமான நிலையத்தில் சோதனை செய்கிற பெண் சொல்லித்தான் கவனித்தாள்.

அங்கே போய் இறங்கியதும், விமான நிலைய வாசலில் அக்கா நின்றுகொண்டிருந்தாள். முட்டிவரைக்கும் கோட்டு, கழுத்தில் துப்பட்டா. "வாடி குண்டூசி" என்றாள். சின்ன வயசில் ஒல்லியாக இருந்ததற்கும், எந்நேரமும் பல்லிடுக்கில் குண்டூசியைக் கடித்துக்கொண்டிருந்ததற்கும் சேர்த்து அக்கா வைத்த பெயர் அது. பக்கவாட்டில் நின்று, வலது தோளைக் கொடுத்துக் கட்டிக்கொண்டாள். இவள் கை அவள் முதுகைச் சுற்றிக்கொண்டு போனது. போய், நிற்க வேண்டிய இடத்தில் நிற்காமல் இன்னும் போனது.

முப்பத்தெட்டு இல்லை. முப்பத்துநாலு. அதுவும் கோட்டோடு.

"எளைச்சுட்டியேக்கா."

"டயட்டுடி. இங்க எல்லாரும் அப்படித்தான்."

அத்தான் பெட்டியை வாங்கிக்கொண்டு முன்னால் நடந்தார். எப்போதும் லொடலொடவென்று பேசுகிற மனிதர். வண்டியில் வீடு வரைக்கும், "சீட் பெல்ட் போட்டுக்கோம்மா" என்ற ஒன்றைத் தவிர வாயைத் திறக்கவில்லை. பின்சீட்டில் தையல்காரி கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அழுகை வரவில்லை. பயம்கூட வரவில்லை. பல்லைப் பிடுங்குவதற்கு முன்னால் ஊசி போட்ட ஈறு மாதிரி, உள்ளே எங்கேயோ மரத்துப்போயிருந்தது. நாலு இன்ச், நாலு இன்ச் என்று மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

வீட்டில் பெட்டியைத் திறந்தாள். அத்தான் குடையை விரித்துப் பார்த்துவிட்டு, "இதுக்குள்ள நாலு பேர் நிக்கலாமே" என்றார். மேஜை விரிப்பைப் போட்டால் நாலு பக்கமும் சொல்லிவைத்த மாதிரி ஒரு சாண் தொங்கியது. அக்கா விரிப்பின் ஓரத்தைத் தடவிப் பார்த்தாள். "கண்ணா அது, கொள்ளிக்கண்ணு. ஃபோட்டோவைப் பாத்தே மேஜையை அளந்திருக்கா பாருங்க" என்று அத்தானிடம் சொன்னாள்.

அதோடு நிறுத்திக்கொண்டாள். எனக்கு என்ன என்று கேட்கவில்லை. இந்த அக்கா, யார் ஊரிலிருந்து வந்தாலும் அவர்கள் செருப்பைக் கழற்றுவதற்குள் பையைக் கவிழ்த்துவிடுகிற அக்கா. பெட்டியின் அடியில் பொட்டலம் இருந்தது. தையல்காரி அதன்மேல் தன் புடவையைப் போட்டு மூடினாள்.

"உனக்குத்தான் ஒண்ணும் கொண்டு வரல. நீதானே வேண்டாம்னே."

"நல்லதாப் போச்சு" என்றாள் அக்கா. முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. தங்கை தனக்கு ஒன்றும் கொண்டுவரவில்லை என்றதும் ஒருத்தி முகத்தில் நிம்மதி வருமா? வந்தது. இவள் பார்த்தாள். பார்த்ததும் ஏதாவது செய்திருக்க வேண்டும், செய்யவில்லை. பெட்டியை மூடி ஓரமாகத் தள்ளி வைத்தாள்.

வீடு துப்புரவாக இருந்தது. குளியலறை அலமாரியில் ஒரு தட்டு மட்டும் பூட்டியிருந்தது. அக்கா வீட்டுக்குள்ளும் துப்பட்டாவோடேயே நடமாடினாள். ஆபீசுக்கு லீவு என்றாள், உனக்காகத்தான் என்றாள். செவ்வாய்க்கிழமை காலையில் அக்காவும் அத்தானும், "ஒரு சின்ன வேலை, வந்துடறோம்" என்று கிளம்பிப் போனார்கள். மத்தியானம் திரும்பி வந்தபோது அக்கா நேராக அறைக்குள் போய்ப் படுத்துக்கொண்டாள். அத்தான் அடுக்களையில் கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டு, எதற்கு எடுத்தோம் என்று தெரியாமல் நின்றார்.

இவள் கேட்டிருக்கலாம். என்னக்கா உனக்கு என்று ஒரே ஒரு கேள்வி. ஆனால் கேட்டால் பதில் வந்துவிடுமே. கடைசியாக ஒரு தடவை பார்த்துக்கொள்ளத்தான் டிக்கெட் அனுப்பிக் கூப்பிட்டிருக்கிறாளோ என்ற நினைப்பு செவ்வாய்க்கிழமையிலிருந்தே கூடவே இருந்தது. அவளாகச் சொல்லட்டும் என்று இருந்தாள். சொல்லாமலேயே முப்பது நாளையும் ஓட்டிவிட்டு, டாட்டா காட்டி விமானம் ஏற்றிவிடுவாளோ என்றும் இருந்தது. இரண்டில் எது நடந்தாலும் தாங்காது. ஆனால் அதுவும் யாரோ பக்கத்து வீட்டுக்காரிக்கு நடக்கிற மாதிரி தூரத்தில் இருந்தது.

கை மட்டும் சும்மா இருக்கவில்லை. தெரிந்த வேலை ஒன்றுதானே. அக்கா மத்தியானம் கதவைச் சாத்திக்கொண்டு தூங்குகிற நேரத்தில், பொட்டலத்தைப் பிரித்து ஜாக்கெட்டுகளை எடுத்தாள். வீட்டில் தையல் மெஷின் கிடையாது. ஊசியும் நூலும் சின்னக் கத்திரிக்கோலும் இருந்தன, போதாதா? பக்கத் தையலைப் பிரித்தாள். இரண்டு பக்கமும் சமமாக, பக்கத்துக்கு இரண்டு இன்ச் உள்ளே பிடித்தாள். மார்புக்கு வடிவம் கொடுக்கிற முன்பக்கத்து டாட்டு மடிப்புகளைப் பிரித்துச் சின்னதாக்கினாள். தோளை அரை இன்ச் ஏற்றினாள். இருபத்தாறு வருஷத்தில் பிரித்துப் பெரிதாக்கியிருக்கிறாள், ஆயிரம் தடவை. சிறிதாக்குவது எப்போதாவதுதான். நாள் முழுக்க அக்காவை ஓரக்கண்ணால் அளந்துகொண்டே இருந்ததால் நாடா தேவைப்படவில்லை. துப்பட்டா விலகுகிற நேரத்தில் பார்த்துக்கொண்டாள். இரண்டு பக்கமும் அளவாகத்தான் இருந்தது.

எட்டு நாளில் ஆறும் முடிந்தன. இஸ்திரி போட்டு அடுக்கினாள். பத்தாம் நாள் காலை, காபி குடித்துவிட்டு எழுந்த அக்காவின் முன்னால், மேஜை விரிப்பின்மேல் வைத்தாள்.

"என்னடி இது?"

"பொய் சொல்லிட்டேன். கொண்டு வந்தேன்."

"துணி வேண்டாம்னு சொன்னேனில்ல?" அக்காவின் குரல் இறங்கிவிட்டது. "பழைய அளவுதானே?"

"இல்ல. இங்க வந்து பிடிச்சேன். இப்ப இருக்கிற அளவு."

"எப்ப அளந்தே?"

"கண்ணாலதான்."

அக்கா மேலே இருந்த நீல ஜாக்கெட்டை எடுத்தாள். உள்பக்கத்தைத் திருப்பித் தையலைப் பார்த்தாள். அதை எடுத்துக்கொண்டு அறைக்குள் போனாள். தாழ்ப்பாள் விழுந்தது.

ஐந்து நிமிஷம் ஆனது. பத்து நிமிஷம் ஆனது. ஒரு ஜாக்கெட் போட்டுப் பார்க்கப் பத்து நிமிஷமா? கொக்கி மாட்டவில்லையோ, கை இறுக்கமோ என்று இவள் தொழில்காரியாகவே யோசித்துக்கொண்டிருந்தாள். செய்தித்தாளை மடித்து வைத்துவிட்டு அத்தான் வந்து எதிரில் உட்கார்ந்தார்.

"அவ உங்கிட்ட இன்னும் சொல்லலையாம்மா?"

இவள் இல்லை என்று தலையை ஆட்டினாள்.

"நானே சொல்லிக்கிறேன், நீங்க வாயைத் திறக்காதீங்கன்னுட்டா. பத்து நாளா நானும் பாக்குறேன்." விரிப்பில் இல்லாத சுருக்கத்தை நீவினார். "இடது பக்கம் எடுத்துட்டாங்க. முழுசா. எட்டு மாசமாச்சு. உள்ள பஞ்சு வெச்சு ஒண்ணு தருவாங்க, அதைப் போட்டுக்கிட்டுதான் நடமாடறா. வீட்டுல இருக்கிறப்ப போட மாட்டா, உறுத்தும்பா. நீ வந்த நாள்லேர்ந்து கழட்டல."

தையல்காரிக்கு விளங்கியது. விளங்கி அப்படியே இருந்தாள். ஐயோ என்று வரவில்லை, மாரில் அடித்துக்கொள்ளத் தோன்றவில்லை. இடது பக்கத்து டாட்டுதான் கண் முன்னால் நின்றது. மூன்று டாட்டும் ஒரு முனையில் வந்து சேருகிற மாதிரி, கண் வலிக்க, நூலுக்கு நூல் எண்ணிப் பிடித்தது. சேருவதற்கு அங்கே ஒன்றுமே இல்லை. ஆறு ஜாக்கெட்டிலும் பிடித்திருக்கிறாள்.

கதவு திறந்தது.

அக்கா துப்பட்டா இல்லாமல், அந்தப் பஞ்சும் இல்லாமல், நீல ஜாக்கெட்டோடு நின்றாள். வலது பக்கம் கச்சிதமாக உட்கார்ந்திருந்தது. இடது பக்கம், தேங்காய் எடுத்துவிட்ட பை மாதிரி தொளதொளவென்று கிடந்தது.

"ஏண்டி குண்டூசி" என்றாள் அக்கா. "இந்தக் கண்ணை வெச்சுக்கிட்டுத்தான் ஊருக்கெல்லாம் தச்சுக் குடுக்கிறியா?"

அத்தான் எழுந்து, காபித் தம்ளர்களை எடுத்துக்கொண்டு அடுக்களைக்குள் போய்விட்டார்.

"ஏன்கா சொல்லல?"

"சொல்லத்தான் கூப்பிட்டேன். கடையில வாங்கறது எதுவும் உக்கார மாட்டேங்குது. பஞ்சை வெச்சா வேர்க்குது, வெக்காட்டி தொங்குது. கண்ணாடி முன்னாடி நிக்கவே பிடிக்கல. என் தங்கச்சி வந்தா ஒழுங்கா ஒண்ணு தச்சுத் தருவாளேன்னு நெனச்சேன். நீ அங்கேயிருந்து பழைய அளவுல தச்சு எடுத்துட்டு வந்து நிப்பே, அதைப் பாத்தா நான் உடைஞ்சு போயிடுவேன். அதான் துணி வேண்டாம்னேன். வந்தப்புறம் நேர்ல சொல்லி, அளவு குடுக்கலாம்னு இருந்தேன். வாய் வரலடி. தெனம் காலையில எந்திரிக்கும்போது இன்னிக்கு சொல்லிடணும்னு எந்திரிப்பேன்."

"நான் வேற என்னமோ நெனச்சேன்."

"என்னன்னு?"

இவள் மேஜை விரிப்பின் ஓரத்தை மடித்தாள். அக்காவுக்குப் புரிந்தது.

"பைத்தியம். சாகப் போறவ ஜாக்கெட் தச்சுக்கவா ஆளைக் கூப்பிடுவா?" என்றாள். பிறகு கொஞ்சம் மெதுவாக, "இப்போதைக்கு இல்லைன்னு சொல்லியிருக்காங்க. செவ்வாக்கிழமை ஊசி இன்னும் நாலு பாக்கி. அதுக்கப்புறம் டெஸ்ட் எடுத்துப் பாத்துதான் சொல்வாங்களாம். எனக்கும் அவ்வளவுதான் தெரியும்" என்றாள்.

தையல்காரி எழுந்துபோய்க் கைப்பையிலிருந்து நாடாவையும் அளவு நோட்டையும் எடுத்துவந்தாள். அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினார்கள். ஜன்னல் பக்கமாக வெளிச்சத்தில் அக்காவை நிறுத்தி, ஜாக்கெட்டைக் கழற்றச் சொன்னாள். அக்கா கொஞ்சம் தயங்கிவிட்டுக் கழற்றினாள். குறுக்கே ஒரு நீளத் தழும்பு, அக்குள் வரைக்கும் போயிருந்தது. தையல் போட்டவன் நன்றாகத்தான் போட்டிருந்தான். சுருக்கம் விழவில்லை.

இதுவரைக்கும் யாருக்கும் எடுக்காத மாதிரி அளவெடுத்தாள். நடு மாரிலிருந்து வலது பக்கம் தனியாக, இடது பக்கம் தனியாக. நாடாவை அழுத்திப் பிடிக்கும்போது விரல் தழும்பின்மேல் பட்டது. வெடுக்கென்று கையை எடுத்தாள்.

"வலிக்குதாக்கா?"

"இல்ல. தொட்டாலே தெரியாது. மரத்துப் போச்சு அந்த எடம்."

"எனக்கும்தான்" என்றாள் தையல்காரி. "வந்து எறங்கின நாள்லேர்ந்து."

அக்கா அவளைப் பார்த்தாள். கையைப் பிடித்து, எடுத்த இடத்திலேயே திரும்ப வைத்தாள். "அளந்து முடி. குளிருது" என்றாள்.

நோட்டில் முதல் பக்கத்தைத் திறந்தாள். முப்பத்தெட்டு அங்கே இருந்தது. அதை அடிக்கவில்லை. பக்கத்தைப் புரட்டிக் கடைசியில் காலியாக இருந்த தாளில் அக்கா என்று எழுதி, வலது, இடது என்று நடுவில் கோடு போட்டாள். நாடாவைப் பார்த்துப் பார்த்து எழுதினாள். எழுத்து கலங்கித் தெரிந்தபோதுதான் கண்ணில் தண்ணீர் நிற்பது தெரிந்தது. துடைத்துக்கொள்ளாமல் எழுதினாள்.

எல்லாம் எழுதி முடித்த பிறகு, இருபத்தாறு வருஷத்தில் யாரிடமும் கேட்காததைக் கேட்டாள்.

"பக்கத் தையல்ல உள்ள எவ்வளவு விடட்டும்?"

அக்கா துப்பட்டாவை எடுத்துப் போர்த்திக்கொண்டாள். ஜன்னலுக்கு வெளியே, எதிர்வீட்டு மாடியில் யாரோ காயப்போட்டிருந்த சட்டைகளைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"எப்பவும் விடற அளவு விடு" என்றாள்.

தையல்காரி இரண்டு இன்ச் என்று எழுதிக்கொண்டாள்.